ஹைபரா வளர்ந்தாளா, தேய்ந்தாளா?

கொடுக்காப்புளி:

‘டிடெக்டிவ் கோனன்’ என்கிற ஜப்பானியத் துப்பறியும் தொடரில் ஹைபரா ஐ என்பவள் அளவுக்கு வளர்ந்த பெண் பாத்திரம் வேறில்லை என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கீழே ஆளாளுக்கு இதயக்குறி போட்டிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கேயே சொன்னால் கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் தனித் திரி.

நான் சொல்ல வந்தது இதுதான்: ஹைபரா வளரவில்லை, தேய்ந்துவிட்டாள்.

1999 ஜனவரியில் 129ஆம் எபிசோடில் அவள் வந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய எபிசோடில்தான் அவள் அக்கா மியானோ அகெமியை, கருப்பு அமைப்பு என்கிற குற்றக் கும்பலின் ஆளான ஜின் சுட்டுக் கொல்கிறான். ஏன் கொன்றீர்கள் என்று கேட்டு, பதில் வராததால் கும்பலுக்காகச் செய்துவந்த ஆராய்ச்சியை நிறுத்துகிறாள் தங்கை ஷிஹோ. ஹைபராவின் நிஜப் பெயர் அதுதான். கருப்பு அமைப்பு அவளை விலங்கு மாட்டி அடைத்துவைக்கிறது. எப்படியும் சாகத்தான் போகிறோம் என்று, தான் உருவாக்கிய ஏபிடிஎக்ஸ் 4869 மாத்திரையைத் தானே விழுங்குகிறாள். சாவதற்குப் பதில் உடம்பு சுருங்கிச் சிறுமியாகிறாள். விலங்கிலிருந்து கை நழுவுகிறது. குப்பைக் குழாய் வழியாகத் தப்பி, மழையில் கூடோ ஷினிச்சி வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அதே மாத்திரையால் சுருங்கி, கோனன் என்ற பெயரில் சிறுவனாக வாழ்கிறவன் அவன்.

அந்த எபிசோடின் முடிவில் கோனனைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு மூளை இருக்கிற நீ என் அக்காவை ஏன் காப்பாற்றவில்லை என்று அழுகிறாளே, அந்தப் பெண் எங்கே போனாள்? இன்றைக்கு எந்த எபிசோடைத் திறந்தாலும் தன்னை வீட்டில் வைத்திருக்கும் அகாசா புரொபசரைக் கறி அதிகம் சாப்பிடாதே என்று மிரட்டுகிறாள், ஹிகோ என்கிற கால்பந்து வீரர் பெயரைக் கேட்டதும் கன்னம் சிவக்கிறாள், கோனன் துப்பறியும்போது ஓரமாக நின்று ஒரு நக்கல் அடிக்கிறாள். கும்பலின் விஞ்ஞானியாக வந்தவளை, தாத்தாவின் கொழுப்புக் கணக்கைப் பார்க்கிற பேத்தி ஆக்கிவிட்டார்கள். இதைத்தான் பாத்திர வளர்ச்சி என்கிறீர்களா?


சுக்குக்காப்பி:

அந்த இதயக்குறிகளில் ஒன்று என்னுடையது. அதனால் பதில் சொல்லும் கடமை இருக்கிறது.

தம்பி, நீங்கள் கேட்கிற கேள்வியிலேயே ஒரு சிக்கல். முதல் நாள் அழுத பெண் அப்படியே அழுதுகொண்டே இருந்திருந்தால் அது வளர்ச்சியா? துக்கம் உள்ள ஒருத்தி, பக்கத்தில் இருக்கிற கிழவர் என்ன சாப்பிடுகிறார் என்று கவலைப்பட ஆரம்பிக்கிறாள் என்றால், அவளுக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். வந்த புதிதில் அவளுக்கு நாளையே கிடையாது.

பெயரையே பாருங்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்துக்குச் சாம்பல் என்று பொருள். ‘ஐ’ என்பதை அன்பு என்ற பொருள்படும் எழுத்தில் எழுதலாம் என்கிறார் புரொபசர். அவள் வேண்டாம் என்று, அதே ஒலியுள்ள, துயரம் என்ற பொருள்படும் எழுத்தை எடுத்துக்கொள்கிறாள். தனக்குத் தானே துயரம் என்று பெயர் வைத்துக்கொண்டவள் அவள். அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதுதான் கணக்கு.

பேருந்துக் கடத்தல் கதை, 230, 231. வெடிகுண்டு வெடிக்கப்போகிற பேருந்திலிருந்து எல்லோரும் இறங்குகிறார்கள். இவள் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாள். தான் செத்தால் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை என்பது அவள் கணக்கு. கோனன் திரும்ப ஓடிவந்து அவளை வெளியே தூக்கிவருகிறான். விதியிலிருந்து ஓடாதே என்று அவன் சொல்வது அப்போதுதான். இப்போது இருக்கிற ஹைபரா அப்படி உட்காருவாளா?


கொடுக்காப்புளி:

உட்காருவாள். உட்கார்ந்தாள். 2013இல் வந்த ரயில் கதை, 701 முதல் 704 வரை. பெல் ட்ரீ எக்ஸ்பிரஸில் அமைப்பின் ஆட்களான போர்பனும் வெர்முத்தும் தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகளை விட்டுத் தனியாகப் போகிறாளே, எதற்கு? தன்னை ஒப்புக்கொடுக்கத்தான். பேருந்துக்கும் ரயிலுக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். வாகனம்தான் மாறியது.

அப்புறம் அந்த ரயிலில் அவளைக் காப்பாற்றியது யார்? கோனனும், அவன் அம்மாவும், ஷெர்ரி (அமைப்பில் ஷிஹோவின் ரகசியப் பெயர்) வேடம் போட்ட கிட் என்கிற மாயத் திருடனும். அவளிடம் யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபத்து அவளுடையது, திட்டம் மற்றவர்களுடையது. பக்கத்து வீட்டு ஒகியா சுபாருவும் அப்படித்தான். அவர் யார் என்று கோனனுக்குத் தெரியும். அகெமியின் காதலனாக இருந்த அகாய் ஷூயிச்சி. அவளுக்குப் பெரியம்மா முறை ஆகிற மேரியின் மகன் வேறு. மேரியும் ஷிஹோவின் அம்மா எலெனாவும் உடன்பிறந்தவர்கள். இத்தனையும் நமக்குத் தெரியும், கோனனுக்குப் பாதிக்கு மேல் தெரியும். அவள் மட்டும் அந்த ஆளைப் பார்த்துச் சந்தேகத்திலேயே வருடக்கணக்கில் இருந்தாள். சொந்தக் குடும்பக் கதையே தெரியாமல் வைக்கப்பட்ட ஒருத்தி எப்படி வளர்வாள் அக்கா?


பூரணி88:

நான் புதுசு. இதெல்லாம் ஸ்பாய்லர் இல்லையா?


ஆமைவேகம்:

பூரணி, முப்பது வருடமாக ஓடுகிற தொடர். 1994இல் மாங்கா என்கிற சித்திரக்கதை, 1996இல் அனிமே என்கிற கார்ட்டூன் தொடர். இதற்கு மேல் ஸ்பாய்லர் என்று ஒளித்துவைத்தால் பேரப்பிள்ளைகளிடம்தான் சொல்ல முடியும்.

ஆனாலும் உங்களுக்காக. ஆயிரத்து நூறைத் தாண்டிய எபிசோடுகளை எல்லாம் பார்க்க வேண்டாம். ஹைபராவுக்கு மட்டும் என்றால் 128, 129, பிறகு 176 முதல் 178, பிறகு 230, 231, பிறகு 345, 346, 347, கடைசியில் அந்த ரயில். ஒரு வார இறுதி போதும். 128ஐ விட்டுவிடாதீர்கள். அகெமியின் கதையை முதலில் 13ஆம் எபிசோடிலேயே எடுத்திருந்தார்கள், ஆனால் அதில் கருப்பு அமைப்பையே காணோம். தங்கையைக் கொண்டுவர வேண்டும் என்றதும் அதே கதையைத் திரும்ப எடுத்து அக்காவைச் சாகடித்தார்கள். மாங்காவில் அவள் இரண்டாம் தொகுதியிலேயே செத்துவிட்டாள்.

விவாதத்துக்கு என் பங்கு: இரண்டு பேரும் வருடக் கணக்கு போடுகிறீர்களே, கதைக்குள் எத்தனை வருடம் ஆகியிருக்கிறது? ஒன்றுகூட ஆகவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்னும் தெய்தான் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு பி பிரிவு. ஃப்ளாப்பி டிஸ்க்குக்காக ஒரு புரொபசர் கொலையாவதில் ஆரம்பித்தது ஹைபராவின் கதை. இப்போது எல்லோர் கையிலும் ஸ்மார்ட்ஃபோன். வகுப்பு மட்டும் மாறவில்லை. நான் அவளை முதலில் பார்த்தபோது ஏழாவது படித்தேன். அவளுக்கு உண்மையில் பதினெட்டு, எனக்கு மூத்தவள். இப்போது எனக்கு அவள் வயதைப் போல இரண்டு மடங்கு. அக்காவாகத் தெரிந்தவள் தங்கையாகி, இப்போது என் அக்கா மகள் மாதிரி தெரிகிறாள். வளர்ந்தது யார் என்று எனக்கே குழப்பம்.


சுக்குக்காப்பி:

ஆமை சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வருடம்கூட ஆகாத கதையில் அக்கா செத்த துக்கம் எப்படி மறையும் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஆனால் கொடுக்காப்புளி தம்பி ஒரு இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார். 345க்கும் 347க்கும் நடுவில் நடப்பது. அதைப் பேசாமல் ஹைபராவைப் பற்றிப் பேசவே முடியாது.

345, 2004 ஜனவரி. துறைமுகத்தில் வெர்முத் அவளைச் சுடக் குறிபார்க்கிறாள். கார் டிக்கியில் ஒளிந்துவந்த ரான், ஷினிச்சியின் தோழி, பாய்ந்து வந்து அவள்மேல் கவிழ்ந்துகொள்கிறாள். தான் யாரைக் காப்பாற்றுகிறோம் என்றே ரானுக்குத் தெரியாது. ஒரு சின்னப் பெண், அவ்வளவுதான். எந்த ரான்? முன்பு ஹைபரா, அவள் எல்லோருக்கும் பிடித்த டால்பின், நான் இருண்ட குளிர்ந்த கடலடியிலிருந்து தப்பிவந்த பொல்லாத சுறா என்கிற மாதிரி ஒப்பிட்டுத் தள்ளிவைத்தாளே, அந்த ரான்.

இதெல்லாம் முடிந்தபின் ஜோடி என்கிற எஃப்பிஐ அதிகாரி, சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துவிடு என்று கேட்கிறார். புதுப் பெயர், புது ஊர், கும்பல் தேட முடியாது. 129இல் வந்த ஹைபராவாக இருந்தால் யோசிக்கவே மாட்டாள், போய்விடுவாள். இவள் வேண்டாம் என்கிறாள். ஏன்? கோனன் சொன்னதாலா? இல்லை. ஓடிக்கொண்டே இருந்தால் ஜெயிக்க முடியாது என்கிற மாதிரி அயுமி சொல்கிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அதைக் கேட்டுவிட்டு இவள் முடிவெடுக்கிறாள்.

இந்தத் தொடரில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கோனன்தான் புரியவைப்பான். மயக்க ஊசி போட்டு மற்றவர் வாயில்கூட அவன்தான் பேசுவான். இந்த ஒரு முடிவு அவன் வாய்ப்படாமல் நடந்தது. அதனால்தான் எனக்கு அது பெரிசு.


கொடுக்காப்புளி:

346, 347ஐ நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று, ஒத்துக்கொள்கிறேன். அந்த முடிவு நல்ல முடிவு. ஆனால் முடிவெடுத்ததும் என்ன செய்தாள்? ஓட மாட்டேன் என்றவள் எதிர்த்து நின்றாளா? ஜின்னின் முகம் தெரியும், அமைப்பின் ஆய்வுக்கூடம் தெரியும், அந்த மாத்திரையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்திலேயே கிடையாது. அந்த அறிவை வைத்துக்கொண்டு அவள் செய்த ஒரே வேலை ஷினிச்சிக்குத் தற்காலிக மாற்று மருந்து தயாரித்துக் கொடுத்தது.

எதற்கெல்லாம் கொடுத்தாள் தெரியுமா? பள்ளி நாடகக் கதையில் அவன் ஷினிச்சியாக வருவதற்கு. அதில் இவள் முகமூடி போட்டுக் கோனனாகவே நடிக்கிறாள், ரானின் சந்தேகம் தீர. லண்டன் போவதற்கு. அங்கே போய்த்தான் அவன் ரானிடம் காதலைச் சொல்கிறான். கியோட்டோ பள்ளிச் சுற்றுலாவுக்கு, 927, 928. அங்கே ரானும் அவனும் ஜோடியே ஆகிவிடுகிறார்கள். மூன்று இடத்திலும் மாத்திரை இவளுடையது. இன்னொருத்தியின் காதலுக்கு மருந்துக்கடை நடத்துகிறாள் விஞ்ஞானி ஷிஹோ.


வெயிலாள்:

மருந்துக்கடை! சிரித்துவிட்டேன். ஆனால் உண்மை. எனக்கும் இந்தக் கோபம் உண்டு.


ஆமைவேகம்:

மருந்துக்கடைக்காரி சும்மா கொடுப்பதில்லையே. ஒவ்வொரு முறையும் அவனைக் கெஞ்சவைத்து, திட்டி, எச்சரித்துத்தான் கொடுக்கிறாள். நம் தெருமுனைக் கடையில் அந்த அக்கறைகூட இல்லை.


நடுநிசி ரேடியோ:

காதல் பக்கம் வந்துவிட்டதால் 2023 படத்தைப் பேசியே ஆக வேண்டும். ‘கருப்பு இரும்பு நீர்மூழ்கி’. 26ஆவது படம். தொடரின் படங்களில் முதன்முதலாக ஆயிரம் கோடி யென்னைத் தாண்டியது, 1,300 கோடிக்கும் மேல். அந்தக் கூட்டம் யாருக்காக வந்தது? ரானுக்காகவா? போஸ்டரைப் பார்த்தாலே தெரியும்.

என் கட்சி சுக்குக்காப்பி அக்கா கட்சிதான். ஆனால் என் காரணம் குரல். ஹயாஷிபாரா மெகுமி 1999இலிருந்து இவளுக்குப் பேசுகிறார். எவாஞ்சலியன் அனிமேயில் அயனாமி ரெய் என்ற பெண்ணுக்குப் பேசியவரும் அவர்தான். ஆரம்பத்தில் இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்து வீடு. தட்டையாக, மூச்சு அதிகம் இல்லாமல், எதற்கும் அசையாத மாதிரி. இப்போது 129ஐயும் அந்தப் படத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு. தட்டைத்தனம் அப்படியே இருக்கிறது, ஆனால் வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தளர்வு. எதிரில் இருப்பவர் பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கிற குரல். எழுத்தாளர் எழுதாததைக்கூட அந்தம்மா பேசியிருக்கிறார். சப்டைட்டிலை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இது காதில் விழாது.


கொடுக்காப்புளி:

படத்தை நானும் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். அதில் என்ன கொடுத்தார்கள்? ஹச்சிஜோஜிமா தீவில் இவளைக் கடத்திக்கொண்டு போய் நீர்மூழ்கிக் கப்பலில் அடைக்கிறார்கள். பிறகு தண்ணீருக்கடியில் மயங்கிக் கிடக்கும் கோனனுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கிறாள். அதை முத்தமாக எண்ணி மனதுக்குள் மருகுகிறாள். கரையேறியதும் ரானுக்கு ஒரு முத்தம் கொடுத்து, உன்னுடையதைத் திருப்பித் தந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறாள். இருபத்தைந்து வருடம் காத்திருந்த பாத்திரத்துக்குப் பெரிய திரையில் கிடைத்த உச்சக்காட்சி, இன்னொருத்தியின் காதலன் உதட்டைத் திருப்பிக் கொடுப்பது. கையெழுத்து வாங்காததுதான் குறை.


வெயிலாள்:

அது படம்தானே, மாங்காவில் வந்ததா? கேனனில், அதாவது அதிகாரபூர்வக் கதையில் சேராது.


ஆமைவேகம்:

கோனனில் கேனன் தேடப் புறப்பட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை தாயி. படத்தின் கதை தனி, ஆனால் மாங்காவை எழுதுகிற ஆவோயாமா பார்த்துச் சம்மதிக்காமல் எதுவும் போவதில்லை. அந்தப் பஞ்சாயத்தை இந்தத் திரியில் ஆரம்பித்தால் விடிந்துவிடும்.


சுக்குக்காப்பி:

ஒரே காட்சியை இரண்டு பேர் எப்படிப் பார்க்கிறோம் பாருங்கள். நீங்கள் அந்த முத்தத்தைக் காதல் கணக்காகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது துறைமுகத்தில் பட்ட கடன். தான் யார் என்றே தெரியாமல் தன் மேல் கவிழ்ந்து உயிரைக் கொடுக்கத் துணிந்த பெண்ணிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன், தெரியாமல் எடுத்தாலும் திருப்பி வைப்பேன் என்கிறாள். டால்பின், சுறா என்று பிரித்துவைத்த தூரம் அந்த இடத்தில் இல்லாமல் போகிறது. படம் எடுத்தவர்கள் அப்படி நினைத்தார்களோ என்னவோ, நான் அப்படித்தான் பார்த்தேன்.

அதோடு அந்தப் படத்தில் முத்தம் ஐந்து நிமிடம். நயோமியை ஏன் விட்டுவிட்டீர்கள்? எந்த வயது முகத்தையும் ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை எழுதியவள். சின்ன வயதில் அமெரிக்கப் பள்ளியில் நயோமியைப் பிள்ளைகள் ஒதுக்கிக் கொடுமைப்படுத்தியபோது பக்கத்தில் நின்றவள் ஷிஹோ. அந்த வன்மம் பிறகு ஷிஹோ மேல் திரும்பியது. நயோமிக்கு அந்தக் குற்றவுணர்ச்சி. அதே நயோமி கப்பலில் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பேசித் தேற்றி எழுப்பி வெளியே கூட்டிவருவது யார்? எதிரில் இருப்பது ஷிஹோ என்று முழுசாகத் தெரியாத நயோமியிடம், ஒரு சின்னப் பிள்ளையின் சொல்லும் செயலும் ஒருவரை மாற்றும், நானே அப்படி மாறியவள் என்கிற பொருளில் பேசுகிறாளே. பேருந்தில் உட்கார்ந்திருந்தவளை ஒருவன் தூக்கிவர வேண்டியிருந்தது. நீர்மூழ்கியில் உட்கார்ந்திருந்தவளை இவள் தூக்கிவருகிறாள். ரயிலைக் காட்டி, வாகனம்தான் மாறியது என்றீர்களே தம்பி, இந்த வாகனத்தையும் கணக்கில் சேருங்கள்.

இன்னும் ஒன்று, சின்னதுதான். படத்தின் ஆரம்பத்தில், ஆசைப்பட்ட ஃபுசாயே பிராண்டு ப்ரூச்சை (உடையில் குத்தும் அணி) வாங்க வரிசையில் நிற்கிறாள். கிடைக்காமல் ஏமாந்த ஒரு கிழவிக்குத் தன் டோக்கனைக் கொடுத்துவிடுகிறாள். கிழவி யார் என்பது கடைசியில் தெரிகிறது. வெர்முத். எதிரி என்று தெரியாமல் செய்த உபகாரம். துறைமுகத்தில் ரான் செய்ததும் அதுதானே?


நடுநிசி ரேடியோ:

அக்கா, அந்த ப்ரூச் விஷயத்தை நான் இப்படி யோசித்ததே இல்லை. இன்றைக்கு ராத்திரி படம் திரும்ப ஓடும்.


கொடுக்காப்புளி:

ப்ரூச் நல்ல பாயிண்ட். நயோமியும் நல்ல பாயிண்ட். கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் நான் திரி ஆரம்பித்தபோது சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. உண்மையில் என் கோபம் அதுதான். பேத்தி, மருந்துக்கடை எல்லாம் மேல்பூச்சு.

அந்த மாத்திரையைக் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்ததே. பரிசோதித்துப் பார்க்காத மருந்து, மனிதர்கள் மேல் பிரயோகித்தார்கள். பட்டியலில் கூடோ ஷினிச்சியின் பெயரும் இருந்தது. உடல் கிடைக்கவில்லை. ஒரு எலி சுருங்கியதை ஏற்கனவே பார்த்திருந்ததால் அவனும் சுருங்கியிருப்பானோ என்று சந்தேகப்பட்டு, அவன் பெயருக்கு நேரே இறந்துவிட்டான் என்று மாற்றி எழுதியது ஷிஹோதான். அதனால் அவன் தப்பித்தான். சரி. பட்டியலில் இருந்த மற்றவர்கள்? அவர்கள் நிஜமாகவே செத்தவர்கள். அவர்களுக்கும் வாசலில் காத்திருந்த ஒரு ரான் இருந்திருப்பாள்.

கோனன் அவளை அந்த முதல் எபிசோடிலேயே கேட்கிறான், கோபமாகவே கேட்கிறான். விஷம் தயாரிக்கும் எண்ணம் தனக்கு இருக்கவில்லை என்கிறாள். அவ்வளவுதான். அத்தோடு அந்தக் கேள்வியை மூடிவைத்தார்கள். இத்தனை வருடத்தில், இத்தனை தொகுதியில், அந்தப் பட்டியலின் ஒரு பெயரைத் தேடி அவள் போனதாக ஒரு கதை உண்டா? தான் சாக வேண்டும் என்று நினைப்பது வேறு, தன்னால் செத்தவர்களைப் பார்ப்பது வேறு. முதலாவதை நிறையக் காட்டினார்கள். இரண்டாவதைத் தொடவே இல்லை. வாரம் ஒரு கொலைகாரனை நிற்கவைத்து, எந்தக் காரணம் இருந்தாலும் கொலை கொலைதான் என்று பாடம் நடத்துகிற தொடர், சொந்த வீட்டுப் பெண்ணிடம் மட்டும் அந்தப் பாடத்தை நடத்தவில்லை. பாசத்துக்காகச் சலுகை கொடுத்துவிட்டார்கள். சலுகை கிடைத்த பாத்திரம் வளராது என்பது என் கட்சி.


வெயிலாள்:

இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே ஐயா. நான் தேவையில்லாமல் கேனன் பக்கம் போயிருக்க மாட்டேன்.


சுக்குக்காப்பி:

ரெண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போகலாம் போலிருக்கிறது. ஆனாலும் இப்போதைக்கு மனதில் வருவதை எழுதுகிறேன்.

அந்த வயதில் அவளுக்கு வேறு வழி இருந்ததா? அப்பா அம்மா இரண்டு பேருமே அமைப்பில் வேலை செய்து அங்கேயே இறந்தவர்கள். அவர்கள் விட்ட ஆராய்ச்சியைப் பெண் கையில் கொடுத்தார்கள். அக்கா வெளியே பணயக்கைதி மாதிரி. பிறந்தநாள்தோறும் கேட்க வேண்டும் என்று அம்மா எலெனா பதிவுசெய்து வைத்த கேசட்டுகள்கூட அவள் கைக்குக் கிடைத்தது சிறுமியாகச் சுருங்கிய பிறகுதான். அம்மாவின் குரலையே அப்படிக் கேட்ட பிள்ளை அவள். அவளைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

மாற்று மருந்துக்காக அவள் உழைப்பதைப் பிராயச்சித்தமாகவும் பார்க்கலாம் இல்லையா?


கொடுக்காப்புளி:

ஒருத்தனுக்கு மட்டும் செய்கிற பிராயச்சித்தம். பட்டியல் நீளம்.

கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை அக்கா. அவள் வாயால் ஒரு தடவை அதைப் பேசவிடுங்கள் என்கிறேன். அவளுக்கு மனசு வரும். எழுதுகிறவருக்குத்தான் வரவில்லை.


ஆமைவேகம்:

ஒரு வேளை கடைசிக்கு என்று வைத்திருக்கிறாரோ? நிரந்தர மாற்று மருந்து வருகிற அன்றைக்குத்தான் ஷிஹோ ஷிஹோவாகத் திரும்புவதா, ஹைபராவாகவே இருப்பதா என்ற கேள்வி வரும். ஷினிச்சிக்குத் திரும்பிப் போக வீடு, ரான், பள்ளி எல்லாம் இருக்கிறது. ஷிஹோவுக்கு அந்தப் பட்டியலைத் தவிர என்ன இருக்கிறது? அவள் மருந்துக்கு அவசரப்படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இது என் ஊகம்தான். 100 தொகுதி தாண்டியும் முடிக்காத மனிதர் அவர். எதையும் கடைசிக்கு என்று வைத்தால் நாம் இருக்க வேண்டுமே.


சுக்குக்காப்பி:

வீடு இல்லாதவள் திரும்பிப் போக அவசரப்பட மாட்டாள். இதைப் படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது ஆமை.

தம்பி, பட்டியல் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. தொடரிடமும் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேய்ந்தாள் என்ற சொல்லை மட்டும் வாபஸ் வாங்குங்கள்.


கொடுக்காப்புளி:

நேற்று ராத்திரி 346 போட்டேன். பக்கத்தில் அண்ணன் மகள், முதல் வகுப்பு. அயுமியைப் பார்த்துவிட்டு, இந்தப் பாப்பா என் கிளாஸா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஹைபராவைக் காட்டி, இவளும் என் கிளாஸா என்றாள். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

தேய்ந்தாள் என்பதைத் திரியின் தலைப்பில் கேள்விக்குறியோடுதான் போட்டிருக்கிறேன் அக்கா. அப்படியே இருக்கட்டும்.


ஆமைவேகம்:

347? அது இரண்டு பாகக் கதை. அயுமி பேசுவது எதில் என்று பார்த்தீர்களா?


கொடுக்காப்புளி:

பாதியில் தூங்கிவிட்டாள். அவள் இல்லாமல் பார்க்கக் கூடாதாம், சத்தியம் வாங்கியிருக்கிறாள். சனிக்கிழமை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.